கலோரிக் கணக்கும் உடல் எடையும்: கேள்வி பதில்

கேள்வி: 40 வயதுப் பெண், உயரம் 165 செ.மீ., எடை 78 கிலோ. தினமும் எத்தனை கலோரி தேவை?

பதில்: மிஃப்ளின்–செயின்ட் ஜியோர் சூத்திரப்படி போடலாம். எடையை 10-ஆலும் உயரத்தை 6.25-ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள். அதில் வயதின் 5 மடங்கையும், பெண்களுக்கு 161-ஐயும் கழிக்க வேண்டும் (ஆண்களுக்கு 161 கிடையாது, 5 கூட்ட வேண்டும்). உங்களுக்கு 1,450 வருகிறது. சும்மா படுத்திருந்தாலே செலவாகும் அளவு இது. உட்கார்ந்தே வேலை என்றால் 1.2-ஆல் பெருக்கினால் 1,740. வாரத்தில் சில நாள் நடப்பவர் என்றால் 1.375-ஆல் பெருக்கினால் 1,994. முக்கால்வாசிப் பேர் பெரிய எண்ணைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். அங்கேயே 250 கலோரி கோட்டை விட்டாயிற்று.

கேள்வி: நேற்று ஒரு விருந்து. இன்று காலை எடை 1.2 கிலோ கூடியிருக்கிறது. அத்தனையும் கொழுப்பா?

பதில்: இல்லை. ஒரு கிலோ உடல் கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. 1.2 கிலோ சேர வேண்டுமானால் செலவுக்கு மேல் 9,000-க்கும் அதிகமாக உள்ளே போயிருக்க வேண்டும். மாவுச்சத்து கிளைகோஜனாக (உடல் சேமித்து வைக்கும் சர்க்கரை) சேரும்போது கிராமுக்கு 3 கிராம் அளவில் தண்ணீரையும் பிடித்துக்கொள்ளும். உப்பும் நீரைத் தேக்கும். குடலில் இருக்கும் உணவுக்கும் எடை உண்டு. சில நாளில் இறங்கிவிடும்.

கேள்வி: முதல் கேள்வி கேட்டவரின் அதே வயது, உயரம்தான் எனக்கும், நடப்பதும் உண்டு. 1,500 கலோரியில் 78-லிருந்து 72-க்கு வந்தேன். மூன்று வாரமாக அசையவே இல்லை. வளர்சிதை மாற்றம் படுத்துவிட்டதா?

பதில்: 72 கிலோவுக்கு அதே கணக்கைப் போட்டால் 1,910 வருகிறது. தேவை 80 கலோரிதான் குறைந்திருக்கிறது, 400 கலோரிப் பற்றாக்குறை இன்னும் இருக்க வேண்டும். அது எங்கே போனது? எடை குறையும்போது நம்மை அறியாமலே அசைவு குறையும், அது ஒரு பங்கு. பெரும்பங்கு அளவையில்தான் இருக்கும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. கண்ணளவில் ஊற்றினால் இரண்டாகிவிடும். ஒரு வாரம் எண்ணெய்ப் பாட்டிலைச் சமையலுக்கு முன்னும் பின்னும் தராசில் வையுங்கள். பாட்டிலில் குறைந்த கிராமை 9-ஆல் பெருக்குங்கள், அதுதான் கலோரி. பலருக்கு விடை இங்கேயே கிடைத்துவிடும். எடையைத் தினமும் காலையில், கழிவறை போய் வந்தபின் பார்த்து, வாரச் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். மாதவிடாயை ஒட்டி நீர் சேரும் என்பதால், நான்கு வாரம் பார்க்காமல் சாப்பாட்டைக் குறைக்காதீர்கள்.

கேள்வி: இரவு எட்டு மணிக்கு மேல் சாப்பிட்டால் எடை கூடுமா?

பதில்: அன்றைய மொத்தம் கூடினால்தான்.

கேள்வி: அரை மணி நடந்தால் கைக்கடிகாரம் 250 கலோரி காட்டுகிறது. அவ்வளவும் கூடுதலாகச் சாப்பிடலாமா?

பதில்: வேண்டாம். 78 கிலோ உள்ளவர் மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் அரை மணி நடந்தால், சும்மா இருந்தாலும் ஆகும் செலவு போக மிஞ்சுவது 100 கலோரி சொச்சம். 1.375-ஆல் பெருக்கியிருந்தால் அந்த நடையும் ஏற்கெனவே கணக்கில் வந்துவிட்டது.