சோஃபுபி கற்க ஜப்பான் போகுமுன்: கேள்வி பதில்

ஜப்பானில் ‘சோஃபுபி’ என்று அழைக்கப்படும் மென்வினைல் பொம்மைகளின் வார்ப்பு, வண்ணம், படிப்பு பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். “என்னிடம் உள்ள பழைய பொம்மை எவ்வளவு போகும்?” என்ற வகைக் கேள்விகளை விட்டுவிட்டேன். விலை மதிப்பீடு என் துறை இல்லை.

நீலவால்: அக்கா, நான் ஆர்ட் டாய் வடிவமைக்கிறேன். இதுவரை ரெசினில் மட்டும்தான் செய்திருக்கிறேன். அடுத்த ஏப்ரலில் டோக்கியோவில் இரண்டு வருடப் படிப்பு. கையில் பத்து மாதம் இருக்கிறது. புதிதாகப் பத்துக் கதாபாத்திரங்கள் வரைந்துகொண்டு போகலாம் என்று நினைக்கிறேன். சரியா?

பத்து வேண்டாம், ஒன்று போதும். அந்த ஒன்றைத் தலை, உடல், இரண்டு கை, இரண்டு கால் என்று ஆறு துண்டாகப் பிரிக்கப் பழகுங்கள். ரெசினிலிருந்து வருகிறவர்கள் முகத்தை முடித்துவிட்டு மூட்டைப் பற்றிக் கடைசியில் யோசிப்பார்கள். சோஃபுபியில் முதலில் முடிவு செய்ய வேண்டியது அச்சின் வாய். ஏன் என்பது வேலை நடக்கும் விதத்தைப் பார்த்தால் புரியும்.

களிமண்ணில் செய்த மூலத்தை (இதைக் கெங்கெய் என்பார்கள்) சிலிக்கோனில் அச்செடுத்து, மெழுகில் ஒரு நகல் வார்ப்பார்கள். மெழுகைத் தேய்த்துச் செம்மைப்படுத்தி, மின்சாரம் கடத்தும் பூச்சு கொடுத்து, காப்பர் சல்ஃபேட் தொட்டியில் தொங்கவிடுவார்கள். வாரக்கணக்கில் தாமிரம் ஏறும். பிறகு மெழுகை உருக்கி வெளியேற்றினால் மிஞ்சுவது ஒரே தாமிரக் கூடு. ரெசின் அச்சு போல இரண்டாகத் திறக்காது. உள்ளே போகவும் வெளியே வரவும் ஒரே வாய்தான்.

அந்த வாய் வழியாகத் திரவ வினைலை ஊற்றி, காற்றை எடுத்துவிட்டு, சூடான எண்ணெயில் முக்குவார்கள். தாமிரச் சுவரை ஒட்டிய வினைல் முதலில் கெட்டியாகும். இரண்டு மூன்று மி.மீ. ஏறியதும் நடுவில் மீந்த திரவத்தைக் கவிழ்த்துவிட்டு, மறுபடி எண்ணெயில் வைத்து வேகவிடுவார்கள். தண்ணீரில் கொஞ்சம் ஆற்றி, வினைல் இன்னும் சூடாக ரப்பர் பதத்தில் இருக்கும்போதே விளிம்பை இடுக்கியால் பிடித்து இழுப்பார்கள். தோள் நசுங்கி, முழங்கை மடிந்து, துண்டு முழுவதும் அந்தச் சின்ன வாய்க்குள் நுழைந்து வெளியே வரும். வந்த கையோடு உப்பிப் பழைய வடிவத்துக்குத் திரும்பும். இந்த இழுப்புக்கு நுகி என்று பெயர். உங்கள் வடிவம் இந்த இழுப்புக்குத் தாங்க வேண்டும்.

இதிலிருந்து நான்கு கணக்குகள் வருகின்றன. ஒன்று, சுவர் இரண்டரை மி.மீ. என்றால் ஐந்து மி.மீ.க்குக் குறைந்த விரலும் கொம்பும் உள்ளே கூடு விழாமல் கட்டியாகிவிடும். நுனியில் கட்டியானால் பரவாயில்லை. மணிக்கட்டு கட்டியாகிவிட்டால் அதற்கு அப்பால் உள்ள உள்ளங்கையில் திரவம் சிக்கிக்கொள்ளும், கவிழ்த்தாலும் வராது. இரண்டு, அச்சு வாய் மேலே பார்க்க நிற்கும். ஆகவே கீழே இருக்கும் கூர்மையான நுனிகளில்தான் காற்று மாட்டும். காதோ கொம்போ ஊசிபோல் முடியாமல் சற்று மழுங்கி முடிந்தால் பாதி ஓட்டைகள் குறையும். மூன்று, கை வார்க்கப்படும் வாயே பிறகு தோள் மூட்டாகிறது. கையின் விளிம்பு உடலிலுள்ள துளையைவிடச் சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும், இரண்டுக்கும் நடுவே ஒரு பள்ளம் ஓட வேண்டும். துளை வட்டமாக இல்லாவிட்டால் கை சுழலாது. நான்கு, சுருக்கம். பெரும்பாலும் முதல் அச்சில் எடுத்த வினைல் துண்டையே மூலமாக வைத்து உற்பத்தி அச்சுகள் எடுப்பார்கள். ஒரு தலைமுறைக்கு 3 சதவீதம் சுருங்குகிறது என்று வையுங்கள். இரண்டு தலைமுறையில் 200 மி.மீ. உருவம் 188 மி.மீ. ஆகிவிடும். உண்மையான சதவீதம் கலவைக்கும் பட்டறைக்கும் ஏற்ப மாறும். அதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் மூலத்தின் அளவை முடிவு செய்ய வேண்டும். தலைக்கு ஒரு பட்டறை, உடலுக்கு ஒரு பட்டறை என்று கொடுத்தால் கழுத்து சேராது.

முதல் ஐந்து மாதம் ஆறு துண்டு உருவத்தைச் செய்து, சிலிக்கோன் அச்செடுத்து, மூட்டு சரியாகப் பூட்டும்வரை ரெசினில் வார்த்துப் பாருங்கள். மீதி ஐந்து மாதம் மொழிக்கு. ஓவியத்துக்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம், அது தானாக நடக்கும்.

ஒரு எச்சரிக்கை: ஆர்வத்தில் வீட்டு அடுப்பில் பிவிசி பேஸ்டை (மேலே சொன்ன திரவ வினைல்தான்) வேகவைத்துப் பார்க்காதீர்கள். ஈரமான அச்சு சூடான எண்ணெயில் இறங்கினால் எண்ணெய் பொங்கி மேலே அடிக்கும். சூடு மீறினால் பிவிசி சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடு வரும், அது நுரையீரலைப் புண்ணாக்கும்.

ரெசின்பித்தன்: சிலிக்கோன் அச்சில் மூலத்தை ஒட்டிய பகுதி மட்டும் காயாமல் பிசுபிசுவென்று இருக்கிறது. விகிதம் சரியாகத்தான் போட்டேன்.

விகிதத்தில் தவறு என்றால் அச்சு முழுவதும் காயாது. மூலத்தை ஒட்டி மட்டும் காயவில்லை என்றால் மூலம்தான் தடுக்கிறது. பிளாட்டினம் வகைச் சிலிக்கோனுக்குக் கந்தகம் ஆகாது. கந்தகம் கலந்த எண்ணெய்க் களிமண்ணில் செய்திருப்பீர்கள், அல்லது முழுதாகப் பதப்படாத யுவி ரெசின் 3டி பிரிண்டாக இருக்கும். டின் வகைச் சிலிக்கோனுக்கு மாறுங்கள், அல்லது மூலத்துக்கு அக்ரிலிக் தெளிபூச்சு இரண்டு கை கொடுத்து நன்றாகக் காயவிட்டு, ஓரத்தில் ஒரு துளி ஊற்றிச் சோதித்த பிறகு முழு அச்சும் ஊற்றுங்கள். வெற்றிடத்தில் காற்றெடுக்கும்போது சிலிக்கோன் மூன்று நான்கு மடங்கு பொங்கி அடங்கும். பாத்திரத்தில் கால்வாசிக்கு மேல் நிரப்ப வேண்டாம்.

பிக்சல்: கணினியில் செதுக்கி, பிரிண்ட் எடுத்து அப்படியே கொடுத்தால் பட்டறையில் வாங்குவார்களா?

வாங்குவார்கள். ஆனால் தாமிரம் எதையும் மன்னிக்காது. 0.05 மி.மீ. படிக்கோடுகூட ஒவ்வொரு பொம்மையிலும் வரும். 400, 600, 1000 என்று தண்ணீர்த்தாளில் ஈரமாகத் தேய்த்து, பிரைமர் அடித்து, சாய்வான வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். உலர்வாகத் தேய்க்கவே கூடாது, ரெசின் தூள் நெஞ்சில் தங்கும்.

சுங்குடி: சோஃபுபிக்கு எந்த பெயிண்ட்? எனாமல் அடித்தேன், மூன்று வாரமாக ஒட்டுகிறது.

வினைல் பெயிண்ட் என்றே தனியாக விற்கிறது, அது மட்டும்தான். வினைலை மென்மையாக வைத்திருக்கும் பிளாஸ்டிசைசர் மெல்ல வெளியே கசிந்து எனாமலை இளக்கிக்கொண்டே இருக்கும். மூன்று வருடம் ஆனாலும் காயாது. சாதாரண அக்ரிலிக் காயும், ஆனால் மூட்டைத் திருப்பினால் உரியும். வினைல் பெயிண்டின் கரைப்பான் மேற்பரப்பைச் சற்றே கடித்து உள்ளே இறங்குவதால் நிற்கிறது. அடிக்குமுன் பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவிக் காயவையுங்கள். கரைப்பானின் ஆவி கடுமையானது: காற்றை வெளியே இழுக்கும் விசிறியும், கரைப்பான் ஆவிக்கான வடிகட்டி போட்ட முகமூடியும் வேண்டும். துணி மாஸ்க் எதற்கும் உதவாது.

மரப்பாச்சி: எனக்கு கொகேஷியில்தான் ஆசை. அதே பள்ளியில் சொல்லித் தருவார்களா?

அது வேறு உலகம். கொகேஷி என்ற மரப் பொம்மை வடகிழக்கே தோஹோக்கு பகுதியின் கடைசல் வேலை, பெரும்பாலும் மிசுகி மரத்தில். மியாகியிலுள்ள நருகோ கொகேஷியின் தலையைக் கடைசல் சுழலும்போதே உடலில் அழுத்திப் பொருத்துவார்கள். அதனால்தான் திருப்பினால் கிய் கிய் என்று சத்தம் வரும். இதற்குப் பள்ளியைத் தேடாதீர்கள், கைவினைஞர் ஒருவரிடம் போக வேண்டும். நிபுணரிடம் வருமானமின்றி ஜப்பானியக் கலை பயில ‘பண்பாட்டுச் செயல்பாடுகள்’ என்று தனி விசா வகையே இருக்கிறது. நருகோவிலுள்ள கொகேஷி அருங்காட்சியகத்திலிருந்து தொடங்குங்கள்.

ஊர்க்குருவி: விசா, ஸ்காலர்ஷிப், மொழி மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள் அண்ணா.

அக்கா. பல தொழிற்பள்ளிகள் ஜப்பானிய மொழித் தேர்வில் என்2 அளவு கேட்கும், இல்லாவிட்டால் அங்கேயே மொழிப்பள்ளியில் ஆறு மாதமாவது படித்திருக்க வேண்டும். அந்தத் தேர்வு ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கும். பள்ளி சேர்த்துக்கொண்ட பிறகு ஜப்பான் குடிவரவுத் துறையின் தகுதிச் சான்றிதழ் வரும், அதை வைத்துத்தான் மாணவர் விசா. அனுமதி வாங்கினால் வாரம் 28 மணி நேரம் வேலை செய்யலாம். ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகையில் தொழிற்பள்ளிக்கென்றே ஒரு பிரிவு உண்டு. தூதரகம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும், சென்னையில் துணைத் தூதரகம் இருக்கிறது.

பட்டறையில் தினமும் காதில் விழும் சொற்களை இப்போதே பழகுங்கள்: கனகாதா (உலோக அச்சு), செய்கெய் (வார்ப்பு), நிகுஆட்சு (சுவர்த் தடிமன்), கிஹோ (காற்றுக்குமிழ்), பாரி (ஓரப் பிசிறு), மித்சுமோரி (விலைக் கணக்கு), நோகி (ஒப்படைக்கும் நாள்).

தராசு: எல்லாம் சரி. சீனத் தொழிற்சாலைகளிலும் தாமிர அச்சுதான், வினைலும் அதேதான். ஜப்பான் என்ற பெயருக்காகப் பல மடங்கு கொடுக்கிறோம். இதற்கு இரண்டு வருடப் படிப்பு வேறு!

அச்சும் பொருளும் ஒன்றுதான், ஒப்புக்கொள்கிறேன். வார்ப்பு வேறு. சீனாவில் பெரும்பாலும் சுழல்வார்ப்பு: அளந்த வினைலை அச்சில் ஊற்றி, மூடி, பல அச்சுகளை ஒரே சட்டத்தில் பூட்டி, அடுப்புக்குள் இரண்டு திசையில் சுழற்றுவார்கள். கவிழ்ப்பது கிடையாது, ஊற்றிய எடைதான் சுவர்த் தடிமன். ஆயிரக்கணக்கில் வேண்டுமானால் அதுவே சரியான வழி. ஜப்பான் முறையில் ஒவ்வொரு துண்டையும் ஒரு ஆள் ஊற்றி, ஒரு ஆள் இழுக்கிறார். ஐம்பது துண்டுக்கு ஒரு நிறம், அடுத்த ஐம்பதுக்கு வேறு நிறம், இரண்டு நிறத்தைக் கையால் சேர்த்து ஊற்றிப் பளிங்கு வரி என்பதெல்லாம் இந்த முறையில் சுலபம்.

தராசு: சுழல்வார்ப்பிலும் பளிங்கு வரி பார்த்திருக்கிறேன்.

வரும். ஆனால் சுழலும்போது நிறங்கள் எங்கே போய்ச் சேரும் என்பது உங்கள் கையில் இல்லை. ஊற்றுகிறவர் கையில் ஓரளவு இருக்கிறது.

களிமண்காரி: அப்படியானால் ‘மேட் இன் ஜப்பான்’ என்றாலே தரம் என்று எடுத்துக்கொள்ளலாமா? பேர்பிரிக்கும் அப்படித்தானே?

இரண்டும் இல்லை. ஜப்பானில் வார்த்ததிலும் காற்றோட்டை உண்டு, கோணலான வெட்டும் உண்டு. மெடிகாம் டாய் நிறுவனம் 2001இல் கொண்டுவந்த பேர்பிரிக் கரடி பொம்மை பெரும்பாலும் ஏபிஎஸ் பிளாஸ்டிக், எஃகு அச்சில் அழுத்தத்தோடு செலுத்தப்படுவது. அது சோஃபுபியே இல்லை.

தராசு, உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதிக்கு வருகிறேன். டோக்கியோவின் கிழக்கே கத்சுஷிகா பக்கம் முதலில் செல்லுலாய்டு பொம்மைகளுக்குப் பேர்போனது. அது தீப்பற்றும் என்று அமெரிக்க ஏற்றுமதி விழுந்த பிறகு வினைலுக்கு மாறினார்கள். 1966இல் மாருசான் நிறுவனம் வெளியிட்ட அரக்க பொம்மைகளோடு இந்தத் தொழில் பெரிதானது. இன்றும் மெழுகு, மின்பூச்சு, வார்ப்பு, வண்ணம் எல்லாம் தனித்தனிச் சிறு பட்டறைகளில் நடக்கின்றன. மூலம் ஒருவரிடமிருந்து அடுத்தவரிடம் போகும்போது எதைச் சொல்லி ஒப்படைக்க வேண்டும், எந்தத் தவறு எந்தக் கட்டத்தில் பிறந்தது என்று கண்டுபிடிப்பது எப்படி என்பதைக் கற்கத்தான் போகிறோம். அங்கே வேலை செய்பவர்களில் பலர் முதியவர்கள். காத்திருந்தால் கேட்க ஆள் இருக்காது என்பதுதான் என் கவலை.

குட்டிக்கரணம்: காட்ஸில்லா செய்து அங்கே விற்கலாமா?

அனுமதியில்லாமல் கூடாது. டோக்கியோவுக்கு அருகே மகுஹாரியில் வருடம் இரண்டு முறை நடக்கும் வொண்டர் ஃபெஸ்டிவல் என்ற பொம்மைக் கண்காட்சியில் ‘ஒருநாள் உரிமை’ என்று ஒரு ஏற்பாடு உண்டு. முன்கூட்டியே மாதிரியோடு விண்ணப்பித்து, உரிமையாளர் சம்மதித்தால், அந்த ஒரு நாள் மட்டும் விற்கலாம்.

வானவில்: இந்தியாவில் விற்றால் ஐஎஸ்ஐ வேண்டுமா?

14 வயதுக்கு உட்பட்டவர்கள் விளையாடும் பொம்மை என்றால் 2021 ஜனவரி 1 முதல் கட்டாயம். ‘பெரியவர்களுக்கான சேகரிப்புப் பொருள்’ என்று ஒட்டிவிட்டுக் குழந்தைக் கடையில் வைப்பது தப்பிக்கும் வழி ஆகாது. குழந்தை வாயில் வைக்கும் பொருள் இது, பிளாஸ்டிசைசர் எது என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

சூரியகாந்தி: எனாமல் பெயிண்ட் அடித்தால் ஒட்டுகிறதே, ஏன்?

சுங்குடிக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

அச்சாணி: வாணலியில் எண்ணெய் வைத்துச் சின்னதாக ஒரே ஒரு துண்டு மட்டும்...

வேண்டாம். சின்னத் துண்டுக்கும் அதே எண்ணெய், அதே புகை. ரெசினில் பழகுங்கள்.

நீலவால்: கடைசியாக ஒன்று அக்கா. பெட்டியில் என்ன எடுத்துப்போக? ஏர்பிரஷ் கம்ப்ரெசர் வைத்திருக்கிறேன்.

கம்ப்ரெசரை விட்டுவிட்டுப் போங்கள். அங்கே 100 வோல்ட், அதிலும் டோக்கியோவில் 50 ஹெர்ட்ஸ், ஒசாகாவில் 60. நம் 230 வோல்ட் மோட்டார் ஓடாது. பெயிண்ட், தின்னர் எதையும் விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். ஏர்பிரஷ் பேனாவும், கைக்குப் பழகிய செதுக்குக் கருவிகளும், டிஜிட்டல் வெர்னியரும் போதும். கூடவே அந்த ஆறு துண்டு ரெசின் உருவத்தைப் பூட்டிய நிலையில் ஒன்று, பிரித்த நிலையில் ஒன்று என்று இரண்டு செட் எடுத்துக்கொள்ளுங்கள். பிரித்த செட்டில் ஒவ்வொரு துண்டுக்கும் வாய் எங்கே என்று சிவப்பு மையில் வட்டம் போட்டு வையுங்கள். மொழி தடுமாறினாலும் வார்ப்பவர் முதலில் அந்த வட்டத்தைத்தான் பார்ப்பார்.