ஆட்டுக்குக் கோபால்ட், நமக்கு பி12

பள்ளிகொண்டா பக்கத்தில் செம்மறி வளர்க்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எனக்கு வைட்டமின் பி12 குறைவு என்று ரத்தப் பரிசோதனையில் வந்திருக்கிறது. பி12-இல் கோபால்ட் இருக்கிறதாம். ஆட்டுக்கு வைக்கும் தாது உப்புப் பையிலும் கோபால்ட் என்று போட்டிருக்கிறது. ஒரு சிட்டிகை எடுத்து மோரில் கலந்து குடித்தால் போதாதா?"

வேண்டாம் அண்ணா, பையைக் கட்டி வையுங்கள்.

நீங்கள் சொன்னது சரிதான், பி12 மூலக்கூறின் நடுவில் ஒரே ஒரு கோபால்ட் அணு உட்கார்ந்திருக்கிறது. ஆனால் கோபால்ட்டிலிருந்து பி12 செய்யத் தெரிந்தவை நுண்ணுயிர்கள் மட்டும்தான். ஆட்டுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. ஆட்டின் முதல் வயிற்றில் அவை கோடிக்கணக்கில் இருக்கின்றன, கோபால்ட் கிடைத்தால் பி12 செய்துவிடும், கீழே குடல் அதை உறிஞ்சிக்கொள்ளும். நம் பெருங்குடலிலும் அப்படிப்பட்டவை உண்டு, ஆனால் பி12-ஐ உறிஞ்சும் இடமோ அதற்கு மேலே சிறுகுடலின் கடைசியில், அதனால் கீழே செய்தது கழிவோடு போய்விடும்! நமக்குச் செய்து முடித்த பி12-தான் வேண்டும்: பால், தயிர், முட்டை, மீன், எல்லாவற்றுக்கும் மேல் ஈரல். ஒரு நாள் தேவை ஏறக்குறைய இரண்டரை மைக்ரோகிராம், அதில் கோபால்ட் பத்தில் ஒரு மைக்ரோகிராம்தான் வரும். வெறும் கோபால்ட் உப்பு அளவு மீறினால் இதயத்தையே கெடுக்கும், 1960-களில் கனடாவில் பீர் நுரைக்காக அதைச் சேர்த்து ஆட்கள் செத்தே போனார்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் வருஷக்கணக்கில் சாப்பிடுகிறீர்களா? அதுவும் பி12-ஐக் குறைக்கும், மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். ஊசியா மாத்திரையா என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

ஆட்டு விஷயம் வேறு. தீனி வயிற்றில் நொதித்து வரும் புரோப்பியானிக் அமிலத்தைக் குளுக்கோஸாக மாற்றும் வழியில் ஒரு நொதிக்கு பி12 இல்லாமல் வேலை ஓடாது. அது நின்றால் கடலைக்கொடி முன்னால் கிடந்தாலும் ஆடு முகர்ந்து பார்த்துவிட்டு விலகும், இளைக்கும், கண்ணிலிருந்து நீர் வடிந்து கன்னத்து மயிர் ஒட்டிக்கொள்ளும். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் மந்தை மந்தையாக இப்படி வாடியதற்குக் காரணம் மண்ணில் போதுமான கோபால்ட் இல்லாததுதான் என்று 1930-களில்தான் தெரிந்தது.

ஆனால் உங்கள் ஆடு இளைத்தால் உடனே கோபால்ட்மேல் பழி போடாதீர்கள். கீழ் இமையை இழுத்துப் பாருங்கள், வெளுத்திருந்தால் நம் பக்கம் பெரும்பாலும் குடற்புழுவாகத்தான் இருக்கும். நாலு புழுக்கையைப் பொட்டலம் கட்டிக் கால்நடை மருத்துவமனையில் கொடுத்துப் பார்த்துவிட்டு, அப்புறம் தாது உப்பு.