வாசகர் கேள்விகள்: ஐம்பது வயதிலும் ஐஸில் நின்ற யாகர்

ஈரோடு வாசகர்: செக் நாட்டு ஐஸ் ஹாக்கி வீரர் யாரோமிர் யாகர் 50 வயதைத் தாண்டியும் ஆடினார் என்கிறார்களே, அது சும்மா காட்சிப் போட்டியா?

இல்லை, நிஜ லீக். செக் நாட்டின் முதல் நிலை லீக். 1972 பிப்ரவரியில் பிறந்தவர், பாதி வயதுப் பையன்களோடு முட்டி மோதிக்கொண்டு ஆடினார். ஆட்டத்தின் மீதிருந்த வெறி ஒரு காரணம். இன்னொரு காரணம், பிராகாவுக்குப் பக்கத்தில் இரும்பு ஆலைகளால் பேர்பெற்ற அவருடைய சொந்த ஊர் க்ளாட்னோவின் கிளப்புக்கு 2011-ல் அவரே முதலாளி ஆகியிருந்தார். அவர் இறங்கினால் வெளியூர் அரங்கத்திலும் டிக்கெட் விற்கும், விளம்பரம் கொடுப்பவர்களும் விலகாமல் இருப்பார்கள். ஆக, கிளப்பை நடத்த முதலாளியே கூலிக்கு இறங்கிய கதை என்றும் சொல்லலாம்.

உடம்பு எப்படித் தாங்கியது என்று கேட்பீர்கள். ஐஸ் ஹாக்கியில் யாரும் தொடர்ந்து ஆடுவதில்லை, முக்கால் நிமிடம் போல ஆடிவிட்டு பெஞ்சுக்கு வந்துவிட வேண்டும், அடுத்த செட் உள்ளே போகும். யாகருக்கு வேகம் எப்போதோ போய்விட்டது. ஆனால் ஆறடிக்கும் மேலான உயரம், தூண் மாதிரி தொடைகள், நீளமான மட்டை. பக் என்கிற அந்த ரப்பர் வட்டைத் தன் உடம்புக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றால் பிடுங்குவது பெரும்பாடு.

தஞ்சாவூர் வாசகி: கம்யூனிஸ்ட் ஆட்சியிலிருந்த நாட்டிலிருந்து அமெரிக்காவுக்கு எப்படிப் போக விட்டார்கள்?

விடவில்லை, ஆட்சியே போய்விட்டது! காலம் அவருக்குச் சாதகமாக அமைந்ததை, அவருக்கு முன்னால் போனவர்களோடு வைத்துப் பார்த்தால்தான் புரியும். 1980-ல் செக்கோஸ்லோவாக்கியாவின் (இன்றைய செக், ஸ்லோவாக்கியா) ஹாக்கி வீரர்களான ஸ்டாஸ்ட்னி சகோதரர்களில் இருவர், ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் நகரில் நடந்த போட்டிக்குப் போன இடத்தில் அப்படியே கனடாவுக்குத் தப்பினார்கள். 1989 ஜனவரியில் பெட்ர் நெட்வெட் என்ற 17 வயதுப் பையன், கனடாவின் கால்கரியில் சிறுவர் போட்டிக்கு வந்தவன், அணி ஊர் திரும்பும்போது கூடப் போகாமல் அங்கேயே அடைக்கலம் கேட்டான். அதே வருடம் நவம்பரில் பிராகாவில் ஆட்சி கவிழ்ந்தது. அந்தப் பையன் இன்னும் பத்து மாதம் பொறுத்திருந்தால் பாஸ்போர்ட்டோடு பகிரங்கமாகவே விமானம் ஏறியிருக்கலாம், ஆனால் அதை அன்றைக்கு யார் கண்டது?

1990-ல் அமெரிக்கா, கனடா அணிகள் ஆடும் என்.ஹெச்.எல். லீக் புதிய வீரர்களை அணிகளுக்குப் பங்கிடும் டிராஃப்ட் நடந்தபோது நெட்வெட்டை இரண்டாவதாக வான்கூவர் எடுத்தது, யாகரை ஐந்தாவதாக பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸ் எடுத்தது. தப்பி ஓடாமல், முறையாகப் பயணம் செய்து அந்த நிகழ்ச்சிக்கு வந்து உட்கார்ந்த முதல் செக்கோஸ்லோவாக்கிய வீரர் யாகர்தான். நெட்வெட் பின்னர் கனடா குடிமகனாகி 1994 ஒலிம்பிக்கில் கனடாவுக்காக வெள்ளி வாங்கினார், அப்புறம் 2014 ஒலிம்பிக்கில் யாகரோடு சேர்ந்து செக் அணிக்கே ஆடினார். படமாக எடுத்தால் நம்ப மாட்டார்கள்.

திண்டுக்கல் வாசகர்: அவர் சட்டையில் ஏன் 68?

1968-ல் சோவியத் டாங்கிகள் பிராகாவுக்குள் நுழைந்ததன் நினைவாக. அவருடைய தாத்தாவை ஆட்சியாளர்கள் சிறையில் வைத்திருந்தார்கள், அவர் இறந்ததும் அதே வருடம்.

மதுரை வாசகர்: 18 வயதில் மொழி தெரியாத ஊரில் எப்படிச் சமாளித்தார்?

முதலில் சமாளிக்கவில்லை. வீட்டு ஏக்கம் ஆட்டத்தையே கெடுத்தது. கிளப் என்ன செய்தது தெரியுமா, 1990 டிசம்பரில் கால்கரி அணியிலிருந்து யிர்ஷி ஹர்டினா என்ற மூத்த செக் வீரரை மாற்றிக்கொண்டு வந்தது. அவரும் நல்ல ஆட்டக்காரர்தான், ஆனால் பையனோடு செக் மொழியில் பேச ஆள் வேண்டும் என்பது அந்த மாற்றத்துக்கு முக்கியமான காரணம். 1991, 1992 இரண்டு வருடமும் ஸ்டான்லி கோப்பை, அதாவது என்.ஹெச்.எல். சாம்பியன் பட்டம், பிட்ஸ்பர்க்குக்கு. வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கிற எந்தக் கம்பெனிக்கும் இதைச் சிபாரிசு செய்வேன்.

கோவை வாசகி: வீரர்களை அணிகள் ஆடு மாடு மாதிரி மாற்றிக்கொள்கின்றனவே, வீரர் மறுக்க முடியாதா?

'என் சம்மதம் இல்லாமல் மாற்றக் கூடாது' என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருந்தால் முடியும். இல்லையென்றால் இன்று ஒரு ஊர், நாளை இன்னொரு ஊர், குழந்தையின் பள்ளிக்கூடம், வீட்டு வாடகை எல்லாம் உங்கள் பாடு. சம்பளத்தைப் பார்த்துப் பொறாமைப்படுபவர்கள் இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

யாகர் கதையையே எடுங்கள். 1995-96-ல் 62 கோல், 87 அசிஸ்ட் (மற்றவர் கோல் அடிக்கப் பந்தி வைத்தது போலக் கொடுத்த பாஸ்), ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளியாக மொத்தம் 149 புள்ளிகள். லீக்கில் அதிகப் புள்ளி எடுப்பவருக்கான பரிசு 1998 முதல் 2001 வரை தொடர்ந்து நான்கு முறை. அப்பேர்ப்பட்டவரை 2001-ல் பிட்ஸ்பர்க் வாஷிங்டனுக்குத் தள்ளிவிட்டது, கிடைத்தது மூன்று இளம் வீரர்கள், அவர்களில் ஒருவர்கூட நட்சத்திரமாகவில்லை. காரணம் பணம். 1998-ல் திவால் மனு போட்ட கிளப் அது, அவர் சம்பளத்தைத் தாங்க முடியவில்லை. வாஷிங்டன் ஏழு வருடத்துக்கு 7.7 கோடி டாலர் என்று ஒப்பந்தம் போட்டது, மூன்றே சீசனுக்குள் மனம் மாறி 2004 ஜனவரியில் நியூயார்க் ரேஞ்சர்ஸுக்கு அனுப்பியது. அனுப்பிய பிறகும் சம்பளத்தில் ஒரு பகுதியை வாஷிங்டனே கட்டிக்கொண்டிருந்தது. அங்கே போய் 2005-06-ல் 123 புள்ளிகள் எடுத்தார், வாஷிங்டன் கணக்குப்பிள்ளைக்கு எப்படி இருந்திருக்கும்!

2011-ல் பிட்ஸ்பர்க் திரும்பக் கூப்பிட்டது, இவரோ அவர்களுடைய பரம எதிரியான ஃபிலடெல்ஃபியாவில் சேர்ந்தார். ரசிகர்கள் வருடக்கணக்கில் ஊளையிட்டார்கள். கடைசியில் 2024 பிப்ரவரியில் அதே ஊர், இனி அந்த எண் வேறு யாருக்கும் இல்லை என்ற மரியாதையாக, 68-ஆம் எண் சட்டையை அரங்கத்தின் கூரையில் ஏற்றியது, 52 வயது மனிதர் அன்று பெங்குவின்ஸ் வீரர்களோடு பயிற்சிக்கும் இறங்கினார்.

நாகர்கோவில் வாசகர்: நடுவில் மூன்று வருடம் சைபீரியாவுக்குப் போகாமல் இருந்திருந்தால் கிரெட்ஸ்கியின் சாதனையை முந்தியிருப்பாரா?

2008 முதல் 2011 வரை சைபீரியாவின் ஓம்ஸ்க் நகரின் அவன்கார்ட் அணியில் இருந்தார். போன முதல் வருடமே, அவரோடு ஒரே செட்டில் ஆடிய 19 வயது அலெக்சேய் செரெபனோவ் ஆட்டத்தின் நடுவில் பெஞ்சில் சரிந்து இறந்துபோனார். அதற்குப் பிறகும் அங்கே மூன்று சீசனை முடித்துவிட்டுத்தான் வந்தார்.

உங்கள் கணக்குக்கு வருகிறேன். என்.ஹெச்.எல்.லில் யாகர் 1,733 ஆட்டங்களில் 1,921 புள்ளிகள், அந்த லீக்கில் அதிகப் புள்ளி எடுத்த கனடா வீரர் வெய்ன் கிரெட்ஸ்கி 2,857. வித்தியாசம் 936. ஓம்ஸ்க்கில் போன மூன்று சீசன், லீக்கே நடக்காத 2004-05, ஆக நான்கு. சீசனுக்கு 234 புள்ளி எடுத்திருக்க வேண்டும், கிரெட்ஸ்கியே ஒரு சீசனில் எடுத்த அதிகபட்சம் 215தான். ஆக, நடக்காது. கோல் கணக்கு வேறு: 766-க்கும் 894-க்கும் இடையே 128, சீசனுக்கு 32. ரேஞ்சர்ஸில் 34 வயதில் 54 கோல் அடித்த மனிதருக்கு அது எட்டக்கூடிய எண்தான்.