கேளுங்க அண்ணாச்சி: மஞ்சள் குளித்த கசவுச் சேலை

கேள்வி: அண்ணாச்சி, செங்கோட்டை பஸ் ஸ்டாண்டு பக்கம் சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். ஆரியங்காவு, தென்மலையிலிருந்தும் வேலை வரும். போன ஓணத்துக்கு ஒரு ஜவுளிக்கடைக்கு ஃபிளெக்ஸ் செய்து கொடுத்தேன். கசவுச் சேலை கட்டிய பெண்ணின் படம். சந்தன வெள்ளையாக இருக்க வேண்டிய சேலை, மஞ்சள் தண்ணீரில் முக்கி எடுத்தது போல் பிரின்ட்டாகிவிட்டது. பாதிப் பணம்தான் வந்தது. என் மானிட்டர் பத்து வருடப் பழசு, 18.5 இன்ச். 15,000 ரூபாய் வரை போட முடியும். கடையில் 27 இன்ச் வளைந்த கேமிங் மானிட்டரைக் காட்டுகிறார்கள். பெங்களூரில் இருக்கும் தம்பியோ, ஆபீஸில் கழித்துப்போடும் மானிட்டர் ஒன்றை வாங்கி வருகிறேன் என்கிறான். எதை வாங்கட்டும்?
- ஒரு வாசகி, செங்கோட்டை

பதில்: தங்கச்சி, கடைக்குப் போகும் முன்னால் காசு செலவில்லாத ஒரு வேலை இருக்கிறது. மானிட்டரின் பட்டனை அழுத்தி, கலர் டெம்பரேச்சர் (திரையின் வெள்ளை நீலம் பாய்கிறதா, மஞ்சள் பாய்கிறதா என்பதைச் சொல்லும் அளவு) எதில் நிற்கிறது என்று பாருங்கள். ‘கூல்’ அல்லது 9300 என்று இருந்தால், சேலை மஞ்சளானதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். திரை நீலம் பாய்ந்து கிடக்கும். சந்தன நிறம் அதில் வெளுத்த வெள்ளையாகத் தெரியும். நீங்களும் ‘மஞ்சள் போதவில்லையே’ என்று கூட்டியிருப்பீர்கள். பிரின்டர் நீங்கள் கூட்டியதை அப்படியே அடித்துவிட்டது. 6500-க்கு மாற்றுங்கள். கண் பழக இரண்டு நாள் ஆகும். அதுவரை திரை அழுக்காக இருப்பது போலத் தோன்றும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அதற்காகப் பழைய பெட்டியையே வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. அந்தக் காலத்து 18.5 இன்ச்சில் பெரும்பாலும் டிஎன் என்ற பழைய வகைத் திரைதான். நாற்காலியில் கொஞ்சம் சரிந்து உட்கார்ந்து பாருங்கள், அதே படம் வேறு நிறம் காட்டும். எந்த உயரத்தில் இருந்து பார்த்ததை நம்புவது? ஆகவே பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத ஐபிஎஸ் பேனல், 24 இன்ச், 1920-க்கு 1080 புள்ளிகள், அட்டையில் ‘எஸ்ஆர்ஜிபி 99 சதவீதம்’ அல்லது அதற்கு மேல். எஸ்ஆர்ஜிபி என்பது திரை எவ்வளவு நிறங்களைக் காட்ட வேண்டும் என்பதற்கான பொது அளவுகோல். உங்கள் பட்ஜெட்டுக்கு இதுதான் என் பதில்.

அட்டையில் ‘1.67 கோடி நிறங்கள்’ என்று பெரிதாகப் போட்டிருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தலா 256 படி. பெருக்கினால் வருவதுதான் அந்தக் கணக்கு. இரண்டு மாடி வீட்டுக்கும் ஐந்து மாடி வீட்டுக்கும் ஒரே எண்ணிக்கையில் படிக்கட்டு வைக்கலாம். படியை எண்ணி வீட்டின் உயரத்தைச் சொல்ல முடியுமா? உயரம் தெரிய எஸ்ஆர்ஜிபி சதவீதத்தைப் பாருங்கள். சில அட்டைகளில் என்டிஎஸ்சி என்ற பழைய டிவி அளவில் எழுதியிருப்பார்கள். அதில் 72 சதவீதம் என்றால் ஏறக்குறைய முழு எஸ்ஆர்ஜிபி அளவு. 45 என்றால் அறுபது சொச்சம்தான் தேறும். திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

27 இன்ச் விஷயம். அதுவும் 1920-க்கு 1080 தானா என்று கேளுங்கள். அப்படியென்றால் ஒரு இன்ச்சுக்கு 82 புள்ளிதான் வரும். உங்கள் பழைய பெட்டி 1366-க்கு 768 ஆக இருந்தால் அதிலேயே 85 இருக்கிறது! 24 இன்ச்சில் 92. பெரிய திரை வாங்கி, பழையதை விட சொரசொரப்பான எழுத்தைப் பார்க்கவா? 27 இன்ச்சுக்கு 2560-க்கு 1440 இருந்தால்தான் அழகு. நொடிக்கு 165 தடவை திரை மாறுவது துப்பாக்கி விளையாட்டுக்கு உதவும். கல்யாணப் பத்திரிகை ஓடவா போகிறது? வளைவு இன்னும் மோசம். நேர்கோட்டில் பார்டர் போடுகிறவருக்கு வளைந்த திரை எதற்கு?

கொஞ்சம் கூடுதலாகப் பணம் புரட்ட முடிந்தால் அசூஸ் புரோஆர்ட் பிஏ248கியூவி-யை விசாரியுங்கள். 1920-க்கு 1200 என்பதால் உயரத்தில் கூடுதல் இடம் கிடைக்கும், முழு எஸ்ஆர்ஜிபி உண்டு, திரையைச் செங்குத்தாகவும் திருப்பலாம்.

தம்பி சொல்வதையும் தள்ளிவிடாதீர்கள். டெல் அல்ட்ராஷார்ப் போன்ற வரிசை என்றால் பழசானாலும் யோசிக்கலாம். ஆனால் முழுத்திரைக்கு வெள்ளைப் பக்கம் போட்டு, போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஓரம் மஞ்சளித்திருந்தால் வேண்டாம். கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்றும் போட்டுப் பார்த்தால் செத்த புள்ளிகள் தெரிந்துவிடும். பஸ்ஸில் கொண்டுவரும்போது நிறுத்தி வைத்தே கொண்டுவரட்டும்; படுக்கப்போட்டு மேலே யாராவது வாழைத்தார் வைத்துவிடுவார்கள்.

இனி ஒன்று. எவ்வளவு நல்ல மானிட்டர் வாங்கினாலும் திரையில் தெரியும் சில நிறங்கள் மையில் வராது. 2004-ல் தென்காசியில் வேலை பார்த்தபோது, புனலூர் குடும்பம் ஒன்றுக்கு மயில்கழுத்து நிறத்தில் 500 பத்திரிகை அடித்தேன். திரையில் தகதகவென்று இருந்தது. கட்டைப் பிரித்ததும் மணப்பெண்ணின் அப்பா, “இது மயிலல்ல, காக்கயாணு” என்றார். அப்புறம்தான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். நீங்களும் செய்யுங்கள். உங்களுக்கு ஃபிளெக்ஸ் அடித்துத் தருகிறவரிடம் இரண்டடித் துண்டு ஒன்று கேளுங்கள். அதில் சிஎம்ஒய்கே (சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளின் அளவு) எண்களோடு கட்டங்கள் அடிக்கட்டும். கசவுக்கு மட்டும் மஞ்சள் 5, 10, 15, 20 என்று நான்கு கட்டம். அதை மானிட்டர் பக்கத்தில் தொங்கவிட்டு, திரையைப் பார்க்காமல் அந்தக் கட்டத்தைப் பார்த்து எண்ணைப் போடுங்கள். சாரல் மாதத்தில் பகலிலேயே கடை இருண்டுவிடுமே, அப்போது துண்டைப் பார்க்க வெள்ளை டியூப்லைட் வேண்டும். மஞ்சள் பல்பின் கீழே பார்த்தால் மறுபடியும் ஏமாறுவீர்கள்.

கேள்வி: லேப்டாப்பை ஹெச்டிஎம்ஐ வயரில் புது மானிட்டரோடு இணைத்தேன். கறுப்பு எல்லாம் சாம்பலாகத் தெரிகிறது. மானிட்டர் கோளாறா?
- ஒரு மாணவர், புளியரை

பதில்: மாற்றிக் கேட்டு கடைக்காரரோடு சண்டைக்குப் போய்விடாதீர்கள் தம்பி. லேப்டாப் உங்கள் மானிட்டரை டிவி என்று நினைத்துக்கொண்டு, 0 முதல் 255 வரை அனுப்ப வேண்டியதை 16 முதல் 235 வரை சுருக்கி அனுப்புகிறது போல. கிராஃபிக்ஸ் செட்டிங்கில் ‘லிமிடெட்’ என்று இருப்பதை ‘ஃபுல்’ ஆக்குங்கள்.