டுபாய் வேலை, விசிட் விசா: ஜெபக்குழுவுக்கு ஒரு பதில்

தங்கச்சி, உங்கள் கிளிநொச்சி ஜெபக்குழுப் பிள்ளையை ஒரு தரகர் விசிட் விசாவில் டுபாய்க்கு வீட்டுவேலைக்கு அனுப்பப் பார்க்கிறார், ஜெபத்தைத் தவிர என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் அவளின் பாஸ்போர்ட் யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். தரகரிடம் என்றால் கெட்ட சகுனம் (சகுனம் பார்க்கிற ஆளில்லை நான், ஆனாலும்). அப்புறம் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து, தரகரின் ஏஜென்சிக்குப் பணியகத்தின் அனுமதி உண்டா என்று கேளுங்கள்.

அவளுக்குப் பிரசங்கம் வைக்காதீர்கள். எங்கள் பங்கில் ஒரு பிள்ளை, தாயின் நுண்கடன் புத்தகத்தை வேதாகமத்துக்குள் ஒளித்து வைத்திருந்தது. கடனைப் பற்றிப் பேசிய பிறகுதான் வாயே திறந்தது.

ஆட்கடத்தலுக்கு எதிரான கத்தோலிக்கக் கன்னியர் வலையமைப்பு ஒன்று 2009 முதல் இயங்குகிறது. பெயர் தலித்தா கூம், ‘சிறுமியே, எழுந்திடு’ என்று மாற்கு 5:41இல் வருவது. உங்கள் பங்குத்தந்தையிடம் விசாரியுங்கள்.