வெதுவெதுப்பான கடல் ஏன் நீலமாக இருக்கிறது? – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

வெப்பம் கூடினால் கடலின் நுண்பாசிகள் விரைவாக வளரும் என்று எழுதியிருந்தீர்கள். ஆனால் வசந்தத்தில் குளிர்ந்த வட அட்லாண்டிக் நுண்பாசிகள் பெருகிப் பச்சையாகிறது. அதே பெருங்கடலில் உள்ள வெதுவெதுப்பான சர்காசோ கடலோ அவை குறைந்து நீலமாகவே இருக்கிறது. இது எப்படி? கடல் சூடேறினால் எந்த வகை வெல்லும்?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் சுட்டும் விதியை 1972இல் கடல் ஆய்வாளர் ரிச்சர்ட் எப்லி வகுத்தார். வெப்பநிலை பத்து டிகிரி செல்சியஸ் உயர்ந்தால், நுண்பாசிகள் எட்டக்கூடிய உச்ச வளர்ச்சி வேகம் ஏறத்தாழ 1.9 மடங்காகிறது. ஆனால் அது ஊட்டம் குறைவின்றிக் கிடைக்கும் நீருக்கான உச்சவரம்பு. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அற்றுப்போன இடத்தில் வெப்பத்தால் பெரிய பயன் விளைவதில்லை.

சர்காசோவின் நிலை அதுதான். வெயிலில் சூடேறி இலேசான மேல்நீர், கீழே இருக்கும் குளிர்ந்த, ஊட்டம் மிகுந்த நீரோடு எளிதில் கலப்பதில்லை. அந்தப் பஞ்சத்தில் சிறிய உடலே பலம். செல் சிறுக்கச் சிறுக்க, அதன் கனஅளவை ஒப்பிட மேற்பரப்பு மிகுவதால், அரிதாக வரும் ஊட்டத்தையும் அது உறிஞ்சிக்கொள்கிறது. ஏறத்தாழ 0.6 மைக்ரோமீட்டரே உள்ள, ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியாவான புரோக்ளோரோகாக்கஸ் அங்கே செழிப்பது இதனால்தான். தன் சவ்வின் கொழுப்பில் பாஸ்பரஸுக்குப் பதிலாகக் கந்தகத்தை வைத்துச் சமாளிக்கும் அதன் சிக்கனம் என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

வட அட்லாண்டிக்கில் குளிர்காலப் புயல்கள் ஆழத்து நைட்ரேட்டை மேலே கொண்டுவந்துவிடுகின்றன. வசந்தத்தில் ஒளி கூடியதும் முந்துபவை டயாட்டம்கள் என்னும் ஓடுள்ள நுண்பாசிகள். அவை குளிர்நீரிலும் செல் பிரிந்து விரைந்து பெருகும், மிஞ்சும் நைட்ரேட்டைச் செல்லுக்குள் சேமித்தும் வைக்கும். ஆனால் அவற்றின் ஓட்டுக்குச் சிலிக்கேட் வேண்டும். அது நைட்ரேட்டுக்கு முன்பே தீர்ந்துவிடும் இடங்களில், சிலிக்கேட் தேவைப்படாத, சுண்ணாம்புத் தகடுகளால் மூடிய காக்கோலித்தோஃபோர் போன்ற நுண்பாசிகள் இடம்பிடிக்கின்றன. ஆகவே வெப்பநிலை பெரிதும் மாறாவிட்டாலும், எந்த ஊட்டம் முதலில் தீர்கிறது என்பது வெற்றியை மாற்றிவிடும்.

கடல் சூடேறினால் நீரடுக்குகள் கலப்பது மேலும் குறைந்து, சிறியவையே பரவும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. அதை அப்படியே ஏற்க நான் தயங்குகிறேன். புரோக்ளோரோகாக்கஸ் செல் பிரிந்து பெருகும் வேகம் ஏறத்தாழ 28 டிகிரிக்கு மேல் சரிவதைக் கடலிலேயே அளந்த ஆய்வு ஒன்று 2025இல் வெளியானது. மிகச் சூடான நீரில் அதன் இடத்துக்குச் அதன் உறவினமான, சற்றுப் பெரிய சினெக்கோகாக்கஸ் வரக்கூடும். ஆனால் அதற்குக் கூடுதல் ஊட்டம் தேவை. கலக்காமல் கிடக்கும் மேலடுக்கில் அந்த ஊட்டம் கிடைக்கும் அளவே அது எவ்வளவு தூரம் பரவும் என்பதைத் தீர்மானிக்கும்.