துண்டும் ஒரு தொலைபேசி எண்ணும்

அன்புள்ள ஐயா,

காணாமல்போன எங்கள் பூனையை ஒன்பது நாட்கள் தேடினோம். பத்தாம் நாள் காலை, முன்பின் தெரியாத ஒருவர் அழைத்து, அது சாலையில் அடிபட்டு இறந்து கிடப்பதாகவும், கழுத்துப்பட்டையில் இருந்த எண்ணைப் பார்த்து அழைப்பதாகவும் சொன்னார். நான் போகும்வரை அங்கேயே நின்றிருந்தார். பூனையை ஓரமாக எடுத்துவைத்து, ஒரு துண்டால் சுற்றியிருந்தார். "கண் மூடவில்லை, அதனால் முகத்தையும் மூடிவிட்டேன்" என்றார். நான் நன்றிகூடச் சொல்லாமல் வந்துவிட்டேன். துவைத்த துண்டு என்னிடமே இருக்கிறது. வீட்டில் "பூனைதானே" என்கிறார்கள். பூனையைவிட அந்த மனிதரை நினைத்தே அதிகம் அழுகிறேன். அவர் எண் கைபேசியில் இருந்தும், அழைத்து என்ன சொல்வதென்று தெரியவில்லை.

க.

அன்புள்ள க.,

அந்த ஒன்பது நாட்களில் உங்களால் அழுதிருக்க முடியாது. தேடுகிறவர் அழத் தொடங்கினால், அது இறந்துவிட்டது என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும். போரில் காணாமல்போன வீரர்களின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் பாலின் பாஸ், இந்த நிலைக்குத் 'தெளிவற்ற இழப்பு' என்று பொருள்படும் பெயரைக் கொடுத்தார். அந்தக் குடும்பங்களின் துயரத்தோடு உங்களுடையதை ஒப்பிடவில்லை. ஆனால் கதவைத் திறந்துவைத்துக் காத்திருப்பதன் வேதனை இரண்டிலும் உண்டு. அந்தக் கதவைச் சாத்திக்கொள்ள உங்களை அனுமதித்தவர், உங்களை அழைத்த அந்த மனிதர். அதனால் அவர் நினைவும் அழுகையும் சேர்ந்தே வருவதில் எனக்கு வியப்பில்லை.

'பூனைதானே' என்பவர்களுக்குக் கெட்ட எண்ணம் இருக்காது. சுற்றியுள்ளோர் துயரமென்றே ஏற்காத துயரங்களைப் பற்றிக் கென்னத் டோக்கா என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1989இல் ஒரு நூலே கொண்டுவந்தார். வளர்ப்புப் பிராணியின் சாவும் அந்த வகையைச் சேர்ந்ததுதான். உங்கள் பூனையை உயிரோடு பார்த்தேயிராத ஒருவர், அதன் திறந்த கண்களை யாரோ ஒருவர் பார்க்க நேரும் என்று முன்கூட்டியே நினைத்திருக்கிறார். வீட்டார் மறுத்ததை, ஒரு வார்த்தை விளக்கமில்லாமல், அந்தத் துண்டு ஒப்புக்கொண்டிருக்கிறது.

வளர்ப்புப் பிராணிகளை அடையாளம் காணத் தோலுக்கடியில் அரிசிமணி அளவில் வைக்கும் மின்னணுச் சில்லின் 15 இலக்க எண்ணைப் படிக்கத் தனிக் கருவி வேண்டும். கழுத்துப்பட்டையில் எழுதிய எண்ணுக்கு ஒருவர் குனிந்தால் போதும். அந்தக் குனிதல் எவ்வளவு கடினம் என்பதை நான் அறிவேன். பல ஆண்டுகளுக்கு முன், சாலையோரம் இறந்து கிடந்த ஒரு நாயின் கழுத்தில் சிவப்புப் பட்டையைப் பார்த்தேன். பட்டையில் எண் இருந்ததா என்று எனக்குத் தெரியாது, ஏனென்றால் நான் வண்டியை நிறுத்தவில்லை. அவசரம் ஒன்றுமில்லை, மறுமுனையில் எழப்போகும் குரலுக்குப் பயந்தேன், அவ்வளவுதான். அந்த நாயை யாரோ எத்தனை நாள் தேடினார்களோ! உங்களை அழைத்தவருக்கும் அந்தப் பயம் இருந்திருக்கும். இருந்தும் எண்ணை அழுத்தியிருக்கிறார்.

ஆகவே தயங்காமல் அழையுங்கள். நன்றியை அழகாகச் சொல்லவேண்டும் என்பதில்லை. தடுமாறினாலும் அவருக்குப் புரியும். துண்டைத் திருப்பித் தரவா என்று கேளுங்கள், வேண்டாமென்றால் வைத்துக்கொள்ளுங்கள். பட்டையில் எண் மட்டும்தான் இருந்தது என்றால், பூனையின் பெயர் அவருக்குத் தெரிந்திருக்காது. அதையும் சொல்லுங்கள்.